குளக்கட்டின் மேல் ஒரு பாதை

வன்னியிலே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வழி கேட்டால், முதியவர்கள் குளங்களை வரிசையாகச் சொல்லியே வழி காட்டுவார்கள். "இந்தக் கட்டால ஏறிப் போய், வான் பாயிற இடத்தில இறங்கி, வாய்க்காலைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ தம்பி. காடு முடியிற இடத்தில மற்றக் குளத்தின்ரை கட்டு தெரியும்" என்று, 2003ஆம் ஆண்டு, ஆசிரிய நியமனக் கடிதத்துடன் வந்து நின்ற எமக்கு ஒரு கமக்காரர் வழி சொன்னார். அவர் இன்று உயிருடன் இல்லை. போர் எம்மைத் துரத்திய காலம் நீங்கலாக, அன்று தொட்டு இன்று வரை அவர் சொன்ன வழியிலேதான் நாம் துவிச்சக்கரவண்டியிற் பாடசாலைக்குப் போய் வருகிறோம்.

அந்த வழி ஒன்பது கிலோமீற்றர். முதலிற் பெரிய குளத்தின் கட்டு. பின்னர் கட்டிலிருந்து இறங்கி வாய்க்காலோரமாகச் செல்லும் கிரவல் தடம். பின்னர் பாலையும் வீரையும் முதிரையும் நிழல் செய்யும் காடு. இறுதியிற் சிறு குளமொன்றின் ஒடுங்கிய கட்டு. அதன் அடியிலே பாடசாலை. வழியெங்கும் ஓர் அங்குலமேனும் தார் இல்லை. காலையிலே கட்டின் மேல் ஏறினால், ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் வயல். நீர்க்காகங்கள் பட்ட மரக்கொம்புகளிற் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். காட்டுக்குள் நுழைந்ததும் எமது சைக்கிளின் சங்கிலி எழுப்பும் ஓசையைத் தவிர வேறு யந்திர ஓசை கேளாது. கிரவலின் மேல் யானையின் அடித்தடம் புதிதாகத் தெரிந்தால் இறங்கி நிற்போம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்ப்போம். பின்னால் வரும் பிள்ளைகளையும் நிறுத்திக்கொண்டு கூட்டமாகக் கடப்போம்.

இப்படிப்பட்ட பாதையைப் பற்றி எழுதப் புகுவது, பட்டணத்து நண்பர்கள் சிலருக்கு வெறும் இயற்கை இரசனையாகத் தோன்றலாம். அவர்கள் சற்றுப் பொறுத்து வாசிக்க வேண்டுகிறோம். இது ஒரு பிள்ளையின் காலைப் பற்றிய கதையுமாகும்.

முதலில், இந்தப் பாதை ஏன் இவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஒன்பது கிலோமீற்றரிலும் மூச்சு வாங்கும் ஏற்றம் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பின்னால் கரியரில் தம்பியை வைத்துக்கொண்டு, களைப்பில்லாமல் மிதித்து வரும். தற்செயலாய் அமைந்த வசதியல்ல இது. வாய்க்கால் வெட்டியவன் நீரின் போக்கைப் பார்த்து வெட்டினான். நீர் ஏற்றத்தில் ஏறாது. சரிவு கூடினாலோ கரையை அரித்துவிடும். ஆகவே நிலத்தின் ஒரே உயரத்தைத் தேடித் தேடி, மேட்டைச் சுற்றி வளைந்து, மிக மெல்லிய சரிவிலே அதனைக் கொண்டு போனான். மனிதக் காலின் வலுவால் ஓடும் வண்டிக்கு வேண்டியதும் அதே நிலந்தான். நீருக்கென வகுத்த வழி சைக்கிளுக்கும் பொருந்திப் போயிற்று.

இதனை நாம் தெளிவாக உணர்ந்தது 2016ஆம் ஆண்டு விடுமுறையிலே. நண்பரான இன்னோர் ஆசிரியரும் நாமும் கலாவாவியிலிருந்து அனுராதபுரத்தின் திசாவாவி வரை, ஜயகங்கை எனப்படும் பழைய பெருவாய்க்காலின் கரையோரமாகச் சைக்கிளிற் போனோம். ஐந்தாம் நூற்றாண்டிலே தாதுசேனன் காலத்தில் வெட்டப்பட்ட அந்த வாய்க்காலின் நீளம் ஏறத்தாழ 87 கிலோமீற்றர். அதன் முதற் பதினேழு மைல் தூரத்துக்கு, மைல் ஒன்றுக்கு ஆறு அங்குலம் மட்டுமே சரிவு என்று நூல்கள் கூறுகின்றன. கிலோமீற்றர்க் கணக்கிற் சொன்னால் ஒரு சாணுக்கும் குறைவு. அதற்குப் பெரும்பாலும் ஒரு பக்கத்திலேதான் கரை. மறுபக்கத்து மேட்டிலிருந்து வடியும் மழைநீரை அது தன்னுட் சேர்த்துக்கொண்டே செல்கிறது. அந்த ஒற்றைக் கரையின் மேல், பல இடங்களிலே, மருத மர நிழலில் கிரவல் பாதை ஓடுகிறது.

வழியில் நண்பரின் பின் ரியூப்பிற் காற்று இறங்கிவிட்டது. வயலில் நின்ற சிங்களக் கமக்காரர் ஒருவர் தம் வீட்டுக்குக் கூட்டிச் சென்று, தண்ணீர்ச் சட்டியில் ரியூப்பை அமிழ்த்தி ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டுப் போட்டுத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். எமக்கு வந்த சிங்களத்திலும் அவருக்கு வந்த தமிழிலும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவருடைய மகள் அந்தக் கரையாலேதான் பாடசாலைக்குப் போகிறாள். மழைக்காலத்தில் மண் லொறிகள் வந்து கரையைக் குழிபறித்துவிடுகின்றன என்பதுதான் அவருடைய பெரிய குறை. எமது ஊரில் கேட்ட அதே குறை. மொழி மாத்திரம் வேறு. பிளேன் ரீ குடித்துவிட்டுப் புறப்பட்டபோது, "மாத்தயா, ஆயெத் என்ன" என்று அவர் சொன்னார். மறுபடியும் வாருங்கள் என்பது அதன் பொருள். இன்னும் போகவில்லை.

இக்கட்டுகளையும் வாய்க்கால்களையும் மன்னர் கட்டினர், துரைமார் திருத்தினர் என்றே பாடநூல்கள் கூறும். கூடை சுமந்து மண் கொட்டியவர் யார் என்பதை வகுப்பிலே நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 1832இல் இராசகாரியக் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. அது ஒழிந்தது நன்றே. ஆனால் ஊரார் கூடிக் குளத்தைப் பேணி வந்த பழைய ஒழுங்கும் அதனோடு சேர்ந்து தளர்ந்தது. அதற்கு மாற்றாக உடனே எதுவும் வைக்கப்படவில்லை. நீர்ப்பாசனத்துக்கென ஒரு சட்டம் 1856இலேதான் வந்தது; நீர்ப்பாசனத் திணைக்களம் 1900இலேதான் தோன்றியது. இடைப்பட்ட காலத்திற் கட்டுகள் உடைந்தன. காடு குளத்துக்குள் இறங்கியது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி, முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. அந்த மண்ணைச் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் மிதித்து இறுக்கிய மண்ணின் மேலேதான் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் சைக்கிள் இன்று ஓடுகிறது. எனவே குளக்கட்டு யாருடைய சொத்து என்ற கேள்விக்குச் சட்டப்புத்தகம் சொல்லும் விடையோடு, இந்த விடையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

நாம் மாணவராயிருந்த காலத்தில் வடக்கிற் சைக்கிள் ஒன்றே வாகனமாயிருந்தது. 1990ஆம் ஆண்டு ஏ-9 பாதை மூடப்பட்டது, பெற்றோல் தடைப்பொருளாயிற்று. 2002இற் பாதை திறக்கும் வரை, அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும், விறகும் நெல் மூட்டையும் சைக்கிளிலேதான் வந்தன. பிரசவ வேதனைப்பட்ட தாய்மாரும் சைக்கிளிலேதான் ஆஸ்பத்திரிக்குப் போயினர். பிணமும் போனதுண்டு. ஆகவே வாகனமில்லாப் பாதையை நாம் ஒருபோதும் சொர்க்கம் என்று புகழமாட்டோம். எமது தாயாருடைய தமையனாரை நெஞ்சுவலியோடு கரியரில் இருத்தி, துணியாற் சேர்த்துக் கட்டி, பதினாறு கிலோமீற்றர் மிதித்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது அவர் உயிர் பிரிந்திருந்தது. "வாகனமே வேண்டாம், பழைய காலமே நன்று" என்று எவரேனும் எழுதினால், அந்தப் பதினாறு கிலோமீற்றரை அவருக்கு நினைவூட்டுவோம்.

அதனாலேதான், போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய பின்னர், 2012இல் ஊரார் தார் வீதி கேட்டு எழுதிய மனுவில் நாமும் கையொப்பமிட்டோம். மனுவின் வாசகத்தை எழுதிக் கொடுத்ததே நாம்தான். அப்போது காட்டுப்பாதையின் இருமருங்கிலும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு, அடி அடியாக நிலத்தைக் கிளறிக்கொண்டிருந்தனர். பிள்ளைகள் தடத்தை விட்டு ஓர் அடியும் விலகலாகாது என்று ஒவ்வொரு காலையும் சொல்லி அனுப்புவோம். பாலைப்பழக் காலத்திலே அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டோரம் வாழ்ந்தவர்களே அறிவர். கண்ணெதிரே பழம் சிந்திக் கிடக்கும். கையெட்டும் தூரத்திற் சிவப்புப் பலகை நிற்கும்.

2014இல் வயல்வெளிக்கு அப்பால் காப்பெற் வீதி வந்தது. அம்புலன்ஸ் வந்தது. காலையும் மாலையும் பஸ் வந்தது. பாடசாலைக்கு அவ்வழியே ஆறு கிலோமீற்றர்தான். பிள்ளைகளிற் பெரும்பாலோர் குளக்கட்டை விட்டுக் காப்பெற் வீதிக்கு மாறினர். நாமும் மழைநாட்களில் மாறினோம். ஒருநாள் ஓய்வறையில், "மாஸ்ரர், நீங்கள் எழுதின மனு பலிச்சிட்டுது" என்று அதிபர் எம்மைப் பார்த்துச் சிரித்தார். நாமும் மகிழ்ச்சியுடன் சிரித்தோம்.

மனுவில் நாம் எழுதாத ஒன்றும் அந்த வீதியால் வந்தது. டிப்பர் வாகனங்கள் வந்தன. ஆற்று மணலையும், காட்டோரத்து மேடுகளை வெட்டி எடுத்த கிரவலையும் ஏற்றிக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓடுகிறார்களோ அத்தனைக்குத்தான் சாரதிக்குக் கூலி. ஆகையால் அவன் விரைவான். அவனும் கூலிக்காரனே, அவனுடைய அவசரத்தின் இலாபம் வேறொருவனுடைய பைக்குப் போகிறது. 2019ஆம் ஆண்டு, இரண்டாம் தவணையில் ஒரு காலை, எமது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அப்படியொரு டிப்பர் இடித்தது. உயிர் தப்பினாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கச் சென்றபோது அவளுடைய தாய் எம்மைக் குறை கூறவில்லை. "மிதிவெடிக்குள்ளால கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை, சேர். அங்கையெல்லாம் தப்பின கால் இது" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லோடு நாம் வீடு திரும்பினோம். மனுவை எழுதிய கை எம்முடையது. வீதி கேட்டது பிழையென்று இன்றும் நாம் நினைக்கவில்லை. ஆனால் வீதி வந்தால் அதில் யார் யார் எவ்வளவு வேகத்தில் ஓடுவார்கள், பிள்ளைகளுக்கென எஞ்சுவது எது என்று அந்த மனுவில் ஒரு வரியேனும் நாம் எழுதவில்லை. வளர்ச்சி என்றால் அகலமும் வேகமும் என்று, இடதுசாரி என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் ஆசிரியரான நாமும் நம்பியிருந்தோம்.

அடுத்து டிப்பர்கள் குளக்கட்டிலும் ஏறின. காப்பெற் வீதியில் எங்கேனும் சோதனை நடந்தால், தப்பிச் செல்லும் குறுக்குவழியாகக் கட்டும் வாய்க்காற்கரையும் பயன்பட்டன. சில மாதங்களிலே கிரவலின் மேற்பரப்பு, கழுவுபலகை போல, குறுக்கே அலை அலையாக மடிந்துவிட்டது. இது ஏன் நிகழ்கிறது என்று மாணவர் கேட்டனர். இக்கேள்வியைப் பௌதிகவியலாளரும் ஆராய்ந்திருக்கின்றனர். மணற்பரப்பின் மேல் சக்கரமொன்றை உருளவிட்டுச் செய்த பரிசோதனையின் முடிவுகளை 2007இல் தாபெர்லே, மொறிஸ், மக்கெல்வேய்ன் என்போர் வெளியிட்டனர். சக்கரம் மெல்ல உருளும் வரை தரை தட்டையாகவே கிடக்கும். ஒரு குறித்த வேகத்தைத் தாண்டியதும் அலைகள் தாமாகவே எழும். எழுந்த அலை அடுத்து வரும் சக்கரத்தைத் துள்ள வைக்கும்; துள்ளி விழும் சக்கரம் அலையை மேலும் ஆழமாக்கும். சக்கரத்துக்குப் பின்னால் வில்லும் அதிர்ச்சிதாங்கியும் இருப்பது இதற்குக் காரணமல்ல என்பதையும் அவர்கள் காட்டினர். வேகமே காரணம். வகுப்பிலே இதனை விளக்கி முடித்தபோது, பின்வாங்கிலிருந்த ஒரு பையன், "அப்ப, சேர், மெல்லப் போறவைக்கு வேகமாய்ப் போறவை செய்யிற வேலை இது" என்றான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அலைமடிப்பு சைக்கிளோடிக்குத் துன்பம். கட்டுக்கோ அது ஆபத்து. மண்ணாலான கட்டின் உச்சி நடுவிற் சற்று உயர்ந்து, இருபுறமும் நீர் வடிய வேண்டும். பாரமான சில்லுகள் பதித்த தடங்களில் மழைநீர் தேங்கினால் அது உள்ளே ஊறும். ஊறிய இடம் சரியும். கீழே நூற்றுக்கணக்கான ஏக்கர் வயல். ஆகவே பிள்ளைகளின் பாதையும் கமக்காரரின் நெல்லும் ஒரே கட்டிலே தங்கியிருந்தன. ஆனால் இதை ஊரார் முன் எடுத்துச் சொன்னபோது எவரும் பெரிதாகக் கேட்கவில்லை. வாகனத்தை மறிக்கக் கேட்பவன் வளர்ச்சியை மறிப்பவன் என்றே அன்று கருதப்பட்டான்.

பின்னர் 2022 வந்தது. நாட்டின் கருவூலம் வெறுமையாயிற்று; பெற்றோல் நிலையங்களின் முன் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. பாடசாலைகளும் சில வாரம் மூடப்பட்டன. பஞ்சத்தை எவரும் வாழ்த்தமாட்டார். உரமும் எரிபொருளும் இல்லாமல் அந்த ஆண்டு எமது கமக்காரர் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஆனால் அந்த மாதங்களில் நாம் ஒரு காட்சியைக் கண்டோம். டிப்பர்கள் நின்றன. பாடசாலை மீளத் திறந்தபோது, மூலையிற் கிடந்த பழைய லுமாலாச் சைக்கிள்கள் துரு துடைக்கப்பட்டு வெளியே வந்தன. குளக்கட்டு முழுதும் சைக்கிள்கள். அதிபர், தபாற்காரர், மருத்துவத் தாதி, மீன்காரர், பிள்ளைகள் எல்லோரும் ஒரே கட்டில், ஒரே வேகத்தில். பல ஆண்டுகளாகச் சைக்கிள் தொடாத பெரியவர்கள் தங்கள் இளமைக் காலத்துத் தடங்களை மாணவருக்குக் காட்டிக்கொண்டு வந்தனர். "இந்தப் பாதை இவ்வளவு நல்ல பாதை எண்டு மறந்து போச்சு" என்று தபாற்காரர் சொன்னார்.

அதே 2022ஆம் ஆண்டின் ஒக்ரோபரில், இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்திலே, கிரவல் பாதைச் சைக்கிளோட்டத்துக்கான முதலாவது உலகச் சம்பியன்ஷிப் போட்டியைச் சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம் நடத்தியது. செல்வ நாடுகளில் இப்பொழுது இது ஒரு பெரிய விருப்பம். தார் வீதியில் மோட்டார் வண்டிகளின் நெரிசலுக்கும் மோதலுக்கும் அஞ்சியவர்கள், ஏரிகளையும் காடுகளையும் ஊடறுத்துச் செல்லும் கிரவல் பாதைகளைத் தேடிப் போகிறார்கள். அதற்கென்றே அகலமான டயர் பூட்டிய சைக்கிள்கள் விற்கின்றன. அவற்றின் விலையில் எமது ஊரில் ஓர் உழவு மாடே வாங்கலாம். 2006இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய இருநூறு மைல் ஓட்டத்துக்கு இன்று உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள்.

இதை வாசித்ததும் எமக்கு முதலிற் சிரிப்புத்தான் வந்தது. வன்னிப் பிள்ளை தினமும் செய்வதற்கு அங்கே பதக்கம் கொடுக்கிறார்கள்! ஆனால் அந்தச் சிரிப்போடு நின்றுவிடுவது சோம்பேறித்தனம். அந்நாடுகளின் உழைக்கும் மக்களும் பாதைக்காகப் போராடியே பெற்றிருக்கிறார்கள். 1894இல் பர்மிங்காமிலே 'கிளாரியன்' என்னும் சோசலிசப் பத்திரிகையின் பெயரால் ஒரு சைக்கிள் கழகம் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைப் புகையிலிருந்து வெளியேறிய தொழிலாளர், சைக்கிளிற் கிராமம் கிராமமாகச் சென்று பிரசுரம் பரப்பினர்; கூட்டம் வைத்தனர். 1932 ஏப்ரல் 24ஆம் திகதி, பிரபுக்களின் வேட்டைக்கென அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌற் மேட்டு நிலத்துக்குள் நூற்றுக்கணக்கான இளைஞர் தடையை மீறி நடந்து சென்றனர். அவர்களுள் ஐவர் சிறை சென்றனர். நாட்டின் இயற்கையை எல்லோரும் அணுகலாம் என்பதைச் சுவீடன் 1994இல் தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. வாகனமில்லாத ஒரு வழி தானாகக் கிடைப்பதில்லை என்பதற்கு இவை சான்று.

2023இன் தொடக்கத்தில் எரிபொருள் வந்தது. டிப்பரும் வந்தது. ஆனால் இம்முறை ஊராருக்குப் பழைய நினைவு கலையவில்லை. கமக்காரர் அமைப்பும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து கூட்டம் கூட்டின. கட்டின் இரு முனையிலும் தூண் நட்டு மறிப்போம் என்று நாம் சொன்னோம். உடனே ஒரு கமக்காரர் எழுந்தார்: "சேர் சைக்கிளில போவார். என்ரை நெல்லு எதில போறது?" அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரம் கட்டாலேதான் வயலுக்குப் போக வேண்டும். நாம் அதை யோசிக்கவே இல்லை. இன்னொரு தாய் எழுந்தார்: "காட்டுக்குள்ளால தனியப் பொம்பிளைப் பிள்ளை வாறது. டிப்பர் இல்லை எண்டால் பயம் இல்லை எண்டு ஆர் சொன்னது?" அதற்கும் எம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. வாகனம் அற்ற பாதை, ஆள் அற்ற பாதையும் ஆகிவிடக்கூடும். ஆண்களான எமக்கு அமைதியாகத் தெரியும் இடம் ஒரு பெண்பிள்ளைக்கு அச்சமாகத் தெரியலாம்.

கூட்டம் நள்ளிரவு வரை நீண்டது. முடிவு எம்முடையதாக இராமல் ஊராருடையதாக இருந்தது. இரு முனையிலும் இரண்டு தூண்கள். அவற்றுக்கிடையே பூட்டுப் போட்ட ஒரு குறுக்குக் கம்பி. தூணின் பக்கத்திற் சைக்கிள் நுழைய மட்டும் இடம். சாவி கமக்காரர் அமைப்பின் செயலாளரிடமும், வான் அருகில் வசிக்கும் ஒரு குடும்பத்திடமும் இருக்கும். விதைப்புக்கும் அறுவடைக்கும் கம்பி திறக்கும். நோயாளி என்றால் எந்த நேரமும் திறக்கும். பிள்ளைகள் காலை ஆறரைக்குப் பின்னர், வெளிச்சம் நன்றாக வந்ததும், மூன்று இடங்களிற் கூடிக் கூட்டங் கூட்டமாகப் புறப்படுவர். ஒவ்வொரு கூட்டத்தோடும் ஒரு பெற்றாரோ ஆசிரியரோ போவார். யானைக்கும் இதுவே தற்காப்பு. நீர்ப்பாசனப் பொறுப்பிலுள்ளவர்களின் அனுமதிக்கு மூன்று முறை நடந்தோம். கட்டின் பாதுகாப்பைச் சொல்லி எழுதியதன் பின்னர் அது கிடைத்தது.

தூணுக்கு வேண்டிய இரும்பு ஒரு பழைய பதுங்குகுழியிலிருந்து வந்தது. போர்க்காலத்திலே கழற்றப்பட்ட வடபகுதி றெயில் பாதையின் தண்டவாளத் துண்டுகள் அதன் கூரையாயிருந்தன. சிரமதானத்திற் கிடங்கு வெட்டியவர்களுள் அந்த மாணவியின் தகப்பனாரும் ஒருவர். அவர் அன்று அதிகம் பேசவில்லை. கொங்கிறீற் இறுகும் வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பூட்டு இருமுறை உடைக்கப்பட்டது. மறுபடியும் வாங்கிப் போட்டோம். டிப்பர்கள் காப்பெற் வீதியில் இன்றும் ஓடுகின்றன. அவ்வீதியோரம் வசிக்கும் பிள்ளைகளுக்கு எமது குளக்கட்டு உதவாது. அங்கே வேகத்தைக் குறைக்கவும், பாடசாலை நேரத்தில் மணல் வாகனங்களை நிறுத்தவும் கேட்டு இன்னொரு மனு எழுதியிருக்கிறோம். இம்முறை ஒவ்வொரு வாசகத்தையும் ஊரார் முன் வாசித்துக் காட்டியே எழுதினோம். நடைக்கூலி என்ற முறை மாறும்வரை சாரதியின் கால் வேகமிதியை விட்டு எழாது என்பதையும் அதிற் சேர்த்தோம்.

அந்த மாணவி இன்று ஆசிரிய பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். செயற்கைக் காலோடு சைக்கிள் மிதிக்கப் பழகியிருக்கிறாள். ஏற்றம் இருந்தால் அவளாற் போக முடியாது. குளக்கட்டிலும் வாய்க்காற்கரையிலும் ஏற்றம் இல்லை. காலையிலே சிறு பிள்ளைகளின் கூட்டமொன்றை அவளே கூட்டிக்கொண்டு வருகிறாள்.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வழி இருக்கும்: குளக்கட்டு, வாய்க்காற்கரை, காட்டுத்தடம், கைவிடப்பட்ட வண்டிப்பாதை. இந்தத் தவணையில் ஒரு சனிக்கிழமை, வகுப்புப் பிள்ளைகளோடு சைக்கிளிற் புறப்பட்டு அதனைப் படமாக வரையுங்கள். எங்கே நிழல், எங்கே மதகு, எங்கே யானைத்தடம், எங்கே வாகனம் ஏறி உடைத்திருக்கிறது, எந்த இடத்திற் பெண்பிள்ளைகள் அஞ்சுகிறார்கள் என்று ஒவ்வொன்றையும் அவர்களையே கேட்டுக் குறியுங்கள். முதியவர்களிடம் குளங்களின் பெயர்களைக் கேளுங்கள். அந்தப் படத்தை ஊர்க் கூட்டத்திலே விரித்து வையுங்கள். நெல் எதிற் போகும் என்று கேட்பவரின் கேள்வியை முதலிற் கேளுங்கள். தூண் நடுவது அதற்குப் பிறகுதான்.